சாம்பிராணியும் ஒரு நட்சத்திரமும்

படித்தவனுக்கு வரும் முதல் வியாதி, வீட்டிலிருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பது. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகம் போனவன் நான். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

இறுதியாண்டு ஆய்வுக்காக, கொட்டாஞ்சேனை வீட்டு மொட்டைமாடியில் இரவல் தொலைநோக்கியை வைத்து, தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அளந்தேன். (வெள்ளிக்கிழமை எனக்கு வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பு, தொலைநோக்கியில் பூட்டிய கமெரா தானாகவே படமெடுக்கும்.) வாரத்துக்கு ஒருமுறை நட்சத்திரம் தாறுமாறாக மங்கியது. அதைச் சுற்றிவரும் தூசிமேகம்தான் காரணம் என்று நாற்பது பக்கம் எழுதினேன். ஆய்வு தேறினால் வெளிநாட்டு மேற்படிப்புக்குப் பேராசிரியர் கடிதம் தருவதாக ஏற்பாடு.

ஆய்வை விளக்கும் நாளில், புறக்கோட்டைக் கடையொன்றில் மிளகாய்த்தூள் பைக்கற் கட்டும் அம்மா லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தா. நான் ஆங்கிலத்தில் முழங்கினேன். பக்கத்து நட்சத்திரங்களும் மங்கினவா என்று பேராசிரியர் கேட்டார். நான் பார்த்ததே இல்லை. படங்களைத் திரையில் போட்டால், எல்லாமே மங்கியிருந்தன.

அவர் திகதிகளைப் பார்த்தார். பிறகு சிரித்தபடி சிங்களத்தில் கேட்டார்: வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?

அம்மாவுக்கு அன்று விளங்கிய ஒரே கேள்வி அதுதான். எழுந்து நின்று, புறக்கோட்டைச் சிங்களத்தில் பதில் சொன்னா: மகனின் மெஷினுக்குக் கண்ணூறு படாமல் சாம்பிராணிப் புகை காட்டுவேன்.

மண்டபமே சிரித்தது. சரியாகச் சொல்லிவிட்டோம் என்று அம்மாவும் சிரித்தா.

பஸ்ஸில் கேட்டா, "நான் சரியாத்தானே சொன்னனான், மகன்?"

"உங்கட புகையாலதான் நட்சத்திரம் மங்கினது. நீங்க வராமலே இருந்திருக்கலாம்."

கொட்டாஞ்சேனை வரும்வரை அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தா. கடிதம் கிடைக்கவில்லை. பக்கத்து நட்சத்திரத்தையும் பார்க்கவேண்டும் என்பது முதலாமாண்டுப் பாடம், பிழை என்னுடையது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவவும் அதற்குப் பிறகு என்னோடு அதைப்பற்றிக் கதைக்கவில்லை. சாம்பிராணிப் புகையும் மொட்டைமாடிக்குப் போகவில்லை.

போன வருடம் அம்மா போய்விட்டா. செத்தவீட்டுக்குக் கடைப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்தா.

"நீங்கதானே அந்த மகன்? 'என்ட புகையில ஒரு நட்சத்திரமே மங்கிப்போச்சு' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நீங்களும் பஸ்ஸில சிரிச்சுச் சிரிச்சுத்தான் வந்தனீங்களாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம்" என்றேன்.

தங்கையின் பிள்ளைகள் இன்றும் அந்தக் கதையை அப்படித்தான் சொல்கிறார்கள். பஸ் வரும் இடத்தில் என்னைப்போலச் சிரித்துக் காட்டுவார்கள். நான் திருத்துவதில்லை.