ஒற்றைக்கண் குதிரையின் கடைசி ரெண்டு பக்கம்

ஜவ்வாது மலையில் திடீரென்று மழை பிடித்தால் சிலர் காயப்போட்ட துணிக்கு ஓடுவார்கள், சிலர் களத்தில் கொட்டின சாமைக்கு ஓடுவார்கள். ஓடுகிற ஜீப்பை நடுரோட்டில் நிறுத்தி, மேலே கட்டியிருந்த தார்ப்பாயை உருவி, உள்ளே இருந்த பதினாலு பேரையும் நனையவிட்டு, சீட்டுக்கு அடியில் இருந்த நாலு பொம்மைப் புத்தகத்தைச் சுற்றிக் கட்டிய ஆள் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அந்த ஒருத்தருக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.

ஜமுனாமரத்தூரிலிருந்து நெல்லிவாசல்நாட்டுக்கு ஷேர் ஜீப்பு ஓட்டியவர். அவர் சொந்தப் பேர் மலையில் யாருக்கும் தெரியாது. 'பொம்மபுக்கு' என்றால் தொட்டிலில் கிடக்கிற குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் சொந்தப் பேரை அச்சடித்துவிட்டார்கள். யாருக்கோ கல்யாணம் என்று பாதி ஊர் வரவேயில்லை. வந்தவர்களும் மாப்பிள்ளையைப் பார்த்த பிறகுதான், "அட, நம்ம பொம்மபுக்கு! மொதல்லயே சொல்லியிருந்தா ஊட்டோட கெளம்பி வந்திருப்போமே" என்று வருத்தப்பட்டார்கள்.

நான் புதுப்பெண்ணாக உள்ளே நுழைந்தபோது வீட்டில் ஒரே ஒரு கட்டில். அதன்மேல் ஒரு தகரப்பெட்டி வசதியாகப் படுத்திருந்தது.

"இன்னா மாமா, பொட்டி கட்டில்ல கீது? நாம எங்க படுக்கறது?"

"தரையில ஈரம் ஏறுதுமே."

"நமக்கு ஏறாதா?"

"நமக்கு ஏறினா காயும். புக்குக்கு ஏறினா அவ்ளோதான்."

அஞ்சு வருஷம் நாங்கள் தரையில்தான் படுத்தோம். பெட்டி ஒருநாள்கூட ஜலதோஷம் என்று தும்மவில்லை.

பெட்டியில் நூறு காமிக்ஸுக்கு மேல் இருந்தாலும், 'முதல் வரிசை' என்று அவர் தனியாகத் துணி சுற்றி வைத்திருந்தது நாலுதான். அந்த நாலைத் தொட வேண்டுமென்றால் சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, ஈரம் இல்லை என்று அவர் கன்னத்தில் வைத்துக் காட்ட வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கே பார்த்ததும் தெரிந்தது, இந்த நாலையும் பழைய பேப்பர்காரன் சும்மா கொடுத்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டான் என்று.

ஒன்று, ஆடு கடித்தது. அட்டை கிடையாது. ஓரம் முழுக்க அரை வட்டமாகப் போயிருக்கும். ஆனால் அந்த ஆடு எல்லாப் பக்கத்திலும் சரியாக வில்லன் நிற்கிற மூலையை மட்டும் தின்றிருந்தது. "கதை புரிஞ்ச ஆடுமே அது" என்பார். அந்த ஆட்டைக் கடைசிவரை விற்கவும் விடவில்லை, வெட்டவும் விடவில்லை. எங்கள் ஊரில் வயசாகிச் செத்த ஒரே ஆடு அதுதான்.

ரெண்டாவது, கன்னடப் புத்தகம். காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போன யாரோ கொண்டுவந்து கொடுத்தது. இவருக்குக் கன்னடத்தில் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் கடகடவென்று வாசிப்பார். இந்த வாரம் ஒரு பொம்பளை அழுதால் அவளுடைய அண்ணன் செத்துப்போனதால் அழுவாள். அடுத்த வாரம் அதே படத்தில் வெங்காயம் உரித்ததால் அழுவாள். "ஏன் மாமா இப்படிப் புளுகற?" என்றால், "அவ வாய தொறந்துகினு கீறா, நானு எப்டி ஒண்ணும் சொல்லாம வுடறது?" என்பார்.

மூணாவது புத்தகம்கூட இல்லை. ஒரே ஒரு பக்கம். சந்தையில் ஒரு அம்மா பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது, அந்த அம்மா கையில் இருந்த தாளில் பாதி முகமூடி தெரிந்திருக்கிறது. இவர் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா கூச்சல் போட, கூட்டம் கூடி அடிக்க வர, "பஜ்ஜிய நீங்களே வெச்சிக்கோங்க, பேப்பர மட்டும் குடுங்க" என்று கும்பிட்டு வாங்கி வந்தார். எண்ணெய் ஊறினதால் தாளின் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெரியும். முன்பக்கத்தில் சுடுகிறவன் துப்பாக்கிக்குப் பின்பக்கத்தில் இருக்கிறவன் செத்துப்போவான்.

நாலாவது 'ஒற்றைக்கண் குதிரை'. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஷேர் ஜீப்பு ஆள் நிறையாமல் நகராது. முதலில் ஏறினவர்கள் கடைசி ஆள் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பொறுமை போனால் இறங்கி அடுத்த ஜீப்பில் ஏறிவிடுவார்கள். மற்ற டிரைவர்கள் பாட்டுப் போட்டுப் பார்ப்பார்கள், கத்திப் பார்ப்பார்கள். இவர் ஸ்டீரிங்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, புத்தகத்தைப் படம் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்து, சத்தமாக வாசிப்பார். திருடனுக்கு ஒரு குரல், போலீசுக்கு ஒரு குரல், பாம்புக்குக்கூட ஒரு குரல். ஜீப்பு நிறைந்ததும் நல்ல கட்டத்தில் மூடிவிட்டு வண்டியை எடுப்பார். மிச்சம் அடுத்த சந்தைக்கு. ஆள் நிறைந்த பக்கத்து ஜீப்பிலிருந்து இறங்கி, காலியாக இருக்கிற இவர் ஜீப்பில் வந்து ஏறின கதையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவி குப்பக்கா. சந்தைக்குச் சாமையும் புளியும் கொண்டுவந்து விற்கிற பொம்பளை. டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டு அவருடையது. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் புளிமூட்டையை மடியில் வைத்துவிடுவார்.

குதிரைக் கதை மூணு சந்தை ஓடியது. ஒரு தபால்காரனும் அவனுடைய ஒற்றைக்கண் குதிரையும். பாலைவனத்தைத் தாண்டி ஒரு கடிதத்தைக் கொண்டுபோக வேண்டும். மணல்காற்றில் கண் தெரியாமல் குதிரை பாழும் கிணற்றில் விழுகிறது. கயிறு கட்டி இழுக்கிறான். கயிறு அறுகிறது.

"அப்புறம்?" என்றார் குப்பக்கா.

"அப்புறம் பக்கம் இல்லக்கா."

"இல்லன்னா?"

"கடைசி ரெண்டு பக்கம் கிழிஞ்சிருக்கு. நான் வாங்கினப்பவே அப்படித்தான்."

"ஏன்டா, முடிவு இல்லாத கதைய எதுக்குடா ஆரம்பிச்ச? நாளைக்கு வண்டியையும் பாதி வழியில நிறுத்திட்டு ரோடு கிழிஞ்சிப்போச்சின்னு சொல்லுவியா?"

கன்னடப் புத்தகத்துக்கு அவ்வளவு புளுகின மனுஷன், இதற்கு ஒரு முடிவைப் புளுகியிருக்கலாம். மாட்டேன் என்றார். "அதுல வாசகம் கன்னடம், எது சொன்னாலும் ஒண்ணும் ஆவாது. இது தமிழ்ல கீது. எவனோ ஒழுங்கா ஒரு முடிவு எழுதி வெச்சிருக்கான், அது எங்கியோ கீது" என்றார்.

மலை ரெண்டாகப் பிரிந்தது. குதிரை பிழைத்தது என்று ஒரு கட்சி, செத்தது என்று ஒரு கட்சி. எதிரெதிர் கட்சி ஆட்கள் ஜீப்பில் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். பஞ்சாயத்து தாங்காமல் இவர் ஸ்டீரிங்கில் அடித்துச் சத்தியம் பண்ணினார். அந்த ரெண்டு பக்கத்தை எப்படியாவது கொண்டுவருவது. வந்தால் முதலில் ஜீப்பில்தான் பிரிப்பது. அதுவரை தானும் பார்ப்பதில்லை.

அப்புறம் ஆரம்பித்தது தேடல். போளூரில் ஒரு பழைய பேப்பர் கடை விடவில்லை. காமிக்ஸ் சேர்க்கிறவர்களின் வாட்ஸப் குரூப்பில் சேர்ந்தார். எங்கள் பக்கம் ஒரு வளைவில் மட்டும்தான் சிக்னல் வரும். தினமும் அங்கே ஜீப்பை நிறுத்தி போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். "குதர வந்திச்சா?" என்று பதினாலு பேரும் எட்டிப் பார்ப்பார்கள்.

கடைசியில் வேலூரிலிருந்து ஒருத்தர் தன்னிடம் முழுப் புத்தகம் இருக்கிறது என்றார். கடைசி ரெண்டு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார் இவர். முடியாது, மாற்றுக்கு ஏதாவது நல்லதாக இருந்தால் நேரில் வந்து பார்க்கிறேன் என்று வேலூர்க்காரர் சொல்லிவிட்டார். சொன்னபடியே பஸ்ஸில் மலையேறி, ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்து, வெளுத்துப்போய் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாகக் கண்ணாடிக் கவர் போடுகிற மனுஷன். நாங்கள் அவருக்குக் கவர் சார் என்று பேர் வைத்தோம்.

என் வீட்டுக்காரர் கை கழுவி, புதுச்சட்டை போட்டு, முதல் வரிசையைப் பாய்மேல் பரப்பினார்.

"இது என்னப்பா?"

"ஆடு கடிச்சது சார்."

"இது?"

"பஜ்ஜி சார்."

கவர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வேற எதுவும் இல்லையா?"

"இதுக்கு மேல இன்னா சார் வேணும்?" இவருக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது.

சார் எழுந்திருக்கப் போனவர், திறந்திருந்த பெட்டிக்குள் தற்செயலாகக் குனிந்து பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெட்டி துருப்பிடிக்கக் கூடாது என்று அடியில் ஒரு புத்தகத்தை விரித்துப் போட்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

"இதை... இதையா அடியில போட்டிருக்க?"

"பெரிய சைஸா இருந்திச்சி சார். சரியா பொருந்திச்சி."

"நான் இருபது வருஷமா இதத் தேடறேன்யா!"

"எடுத்துக்கோங்க சார். ஆனா ஒரு சந்தேகம். அப்ப என் பொட்டிக்கு அடியில இன்னா போடறது?"

கவர் சார் தன் பையிலிருந்து ஒரு பெரிய கவரை எடுத்துக் கொடுத்துவிட்டு, குதிரையையும் கொடுத்துவிட்டு, இவர் மனசு மாறிவிடுமோ என்று டீகூடக் குடிக்காமல் ஓடினார். "பாவம்மே, ஏமாந்துட்டாரு" என்றார் இவர்.

புதுசாக வந்த குதிரைப் புத்தகத்தின் கடைசி ரெண்டு பக்கத்தை, பார்க்காமலே, பிரியாதபடி ஓரத்தில் நூல் போட்டுத் தைத்தார். சந்தைக்கு இன்னும் மூணு நாள். அன்றைக்கு முழுக்கப் புத்தகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை. "வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாரு மாமா, தெரியும்" என்றேன். "சத்தியம் பண்ணியிருக்கேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளே காய்ச்சல். கஷாயம் கொடுத்தேன். அடங்கவில்லை. அவர் தம்பி அதே ஜீப்பில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். எனக்கு ஏனோ பயம் வந்து புத்தகத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். காலையில் வெயில் அவர் கட்டில்மேல் விழுந்தபோது, "மாமா, நூலைப் பிரிக்கட்டா? நான் படிக்கிறேன்" என்றேன்.

"வேணாம்மே. குப்பக்காவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும்."

சிரித்தார். அதுதான் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு. சந்தைக்கு முந்தின நாள் அவரைக் கொண்டுவந்தோம். ஒரு கதைக்காக மலையையே காக்க வைத்த மனுஷன், அதன் முடிவு தெரியாமலேயே போனார். இதை நினைத்தால் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது. நூலை நானே பிரித்திருக்க வேண்டும். கொன்றால் குப்பக்கா என்னைத்தானே கொன்றிருப்பார்.

அப்புறம் நான் வெளியே போகவில்லை. ஜீப்பைத் தம்பி ஓட்டினான். நாலு சந்தை கழித்து, நடுப்பகலில், குப்பக்கா எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றார். ஆறுதல் சொல்லவில்லை. உட்காரவும் இல்லை.

"இன்னாடி, குதர இன்னும் கெணத்துலதான் கீதா?"

"அக்கா..."

"எடுத்துகினு வா. எல்லாரும் ஏறிட்டாங்கோ."

"எனக்கு அவரு மாதிரி படிக்க வராதுக்கா."

"எழுத்துக் கூட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏறு."

சொந்தக்காரர்கள் இப்போதே வெளியே அனுப்பக் கூடாது என்றார்கள். "அவ வரலன்னா ஜீப்பு நவுராது, நானும் நவுர மாட்டேன்" என்று குப்பக்கா வாசலிலேயே புளிமூட்டையை இறக்கி வைத்தார். அந்த மூட்டையைப் பார்த்ததும் எல்லாரும் வழிவிட்டார்கள்.

ஸ்டீரிங்குக்கு முதுகைக் காட்டி நானும் உட்கார்ந்தேன். பதினாலு முகம். இத்தனை முகத்தைப் பார்த்துக்கொண்டா அவர் பாம்பு மாதிரியெல்லாம் பேசினார்! நூலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கயிறு அறுந்ததும் குதிரை கிணற்றிலேயே செத்துப்போனது. தபால்காரன் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான். பக்கத்து ஊரில் புதுக் குதிரை வாங்கிக் கடிதத்தைக் கொடுத்தான். முற்றும்.

செத்தது என்று சொன்ன கட்சிகூட ஜெயித்ததாகச் சத்தம் போடவில்லை.

"நீ சரியா படிக்கல" என்றார் குப்பக்கா.

"இல்லக்கா, இப்படித்தான் போட்டிருக்கு. பாரு."

"எனக்கு எழுத்துத் தெரியாது. நீ தப்புத் தப்பா கூட்டற. இன்னொரு தபா படி. நிதானமா படி."

குப்பக்காவின் கண்ணைப் பார்த்தேன். புத்தகத்தைக் கொஞ்சம் என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"கயிறு அறுந்திச்சி" என்று ஆரம்பித்தேன். "ஆனா கெணத்துல தண்ணி இருந்திச்சி. குதர நீச்சல் அடிச்சிச்சி."

"ம்."

"சுவத்துல படி இருந்திச்சி. இருட்டுல அவனுக்குத் தெரியல. குதரைக்குத்தான் தெரிஞ்சிச்சி."

"ஒத்தக் கண்ணுன்னாலும் பாரு!" என்றார் யாரோ பின்னாலிருந்து. அவர் செத்தது கட்சி.

குதிரை ஒவ்வொரு படியாக ஏறியது. மேலே வந்து உடம்பைச் சிலுப்பிக்கொண்டது. தபால்காரன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எங்கேடா போயிருந்தாய் இத்தனை நாளாய் என்று அழுதான். அந்த இடத்தில் எனக்குக் குரல் உடைந்தது. யாரும் கவனிக்காத மாதிரி வெளியே பார்த்தார்கள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்து வாசித்தேன். படம் இல்லாத இடத்திலெல்லாம் வாசித்தேன்.

ஜீப்பு நிறைந்து ரொம்ப நேரமாகிவிட்டது. கிளம்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்கும் குதிரையை உடனே ஊருக்கு அனுப்ப மனசில்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஓடவிட்டேன்.