செட் என்ற சொல்லுக்கு ஒரு மாப்பிள்ளை

“செட்டுல இன்னும் எவ்வளவு பாக்கி வே?” என்றார் தரகர் முத்துமாலை, மாட்டுவண்டியில் ஆடிக்கொண்டே.

மாப்பிள்ளை சிவசைலம் நிமிரவில்லை. அவன் மடியில், பாளையங்கோட்டை மிஷன் பள்ளி வாத்தியார் சத்தியநேசனிடம் இரவல் வாங்கிய இங்கிலீஷ் அகராதி கிடந்தது. ‘செட்’ இங்கிலீஷில் மூன்றே எழுத்துச் சொல், அதற்குப் பக்கம் பக்கமாகப் பிள்ளைகுட்டிகள்.

வண்டி குறுக்குத்துறைக்குப் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் தகப்பனார் தாணுமாலையன் பிள்ளை, கலெக்டர் ஆபீஸில் சிரஸ்ததாராக இருந்து ஓய்வுபெற்றவர். ஜாதகத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் இங்கிலீஷைப் பார்க்கிறவர். ‘செட்’ என்பதற்குள்ள அர்த்தமெல்லாம் சொல்லச் சொல்வார். இதற்குமுன் வந்த நாலு பேருக்கும் அந்த வீட்டிலிருந்து ‘வேண்டாம்’ என்று தகவல் போனது. நாலு பேரும் பெயில் என்று ஊரே பேசிக்கொண்டது.

கோர்ட்டில் நகல் எழுதும் சிவசைலத்துக்குத் தோற்க மனமில்லை. பெண் சொர்ணத்தை ஒருமுறை படித்துறையில் பார்த்திருந்தான். ஆற்றோடு போன தன் குடத்தைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் வேறு எந்த ஜாதகமும் அவனுக்குப் பொருந்தவில்லை.

“செட்?” என்றார் பிள்ளை, அவன் உட்காரும் முன்பே.

“சூரியன் சாயுதது. தயிர் உறையுதது. மோதிரத்துல கல்லு பதிக்கது. முறிஞ்ச எலும்பைச் சேத்துக் கட்டுதது.”

“கடியாரம்?”

“அதைச் சரியா வைக்கதும் செட்டுதான். எலிக்குப் பொறி வைக்கதும் அதான்.”

பிள்ளையின் முகம் மலர்ந்தது. அங்கேதான் வினை. சரியாகச் சொன்னால் விட்டுவிடுவார் என்று சிவசைலம் நம்பியிருந்தான். அவரோ நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பூர்வீகம்?”

“ரெண்டு பூர்வீகம், ஐயா. உக்கார வைக்கதுங்கிற செட்டு பழைய ஜெர்மன் வழி. கூட்டம்ங்கிற செட்டு லத்தீன்ல பிறந்து பிரெஞ்சு வழியா வந்தது. சீவலப்பேரியில சித்தாறு பெரிய ஆத்தோட கலந்த மாதிரி ரெண்டும் கலந்துட்டு.”

“சபாஷ்!” என்று தொடையைத் தட்டி, அடுத்ததைக் கேட்டார்.

உள்ளே பலகாரம் ஆறியது. கதவிடுக்கில் தெரிந்த பட்டுச்சேலை நுனி கால் மாற்றி நின்றது. முத்துமாலை அவன் சட்டையை இழுத்தார்.

“ராகு காலம் வரப்போவுது வே. பொண்ணு வெளிய வரணும். சட்டுனு முடிச்சிரும்.”

சிவசைலம் பதிலைச் சுருக்கினான். பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“என்ன, நழுவுதீரு? சரி, சீமையில பேட்ஜர்னு ஒரு மிருகம் உண்டு. அதுக்கும் செட்டுக்கும் என்ன சம்பந்தம்?”

அகராதியில் அந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. ‘தெரியலேன்னா லத்தீன்னு அடிச்சு விடும், யாரு போய்ப் பாக்கப் போறா’ என்று சத்தியநேசன் சொல்லி அனுப்பியிருந்தார். வாயைத் திறந்தான். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பொய் சொல்லி அந்தப் பெண்ணைக் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“தெரியாது, ஐயா.”

பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தெரியாதா? அதோட வளைக்குப் பேரே செட்டுதான்! இதுகூடத் தெரியாமலா பொண்ணு கேட்டு வந்தீரு?”

முத்துமாலை துண்டை உதறித் தோளில் போட்டார். சிவசைலம் எழுந்தான். படித்துறைச் சிரிப்பு ஞாபகம் வந்து கண்ணில் நீர் முட்டியது.

அப்போது கதவு திறந்தது. வேற்று ஆள் முன்னால் வந்தே பழக்கமில்லாத பிள்ளையின் சம்சாரம் பாலம்மாள், கூடத்துக்கே வந்துவிட்டாள்.

“உக்காருங்க மாப்ளே.”

“ஏ பாலம்மா, பெயிலானவரை மாப்ளேங்கியே?” என்று பிள்ளை பதறினார்.

“நீங்க பாஸ் போட்ட அந்த நாலு பேரையும், உங்களுக்குத் தெரியாம வேண்டாம்னு சொல்லி அனுப்பினதே நானும் எம்மவளுந்தான். ‘தெரியாது’ன்னு சொல்லத் தெரிஞ்ச ஒரு ஆம்பளைக்காகத்தான் இத்தனை நாளா கதவுக்குப் பின்னால காத்துக்கிட்டு நிக்கோம்!”