எழுபது சாப்பாட்டு மாமா

எண் கோட்பாடு படிக்கிறவர்களிடம் எதையும் எண்ணக் கொடுக்காதீர்கள். பத்து வரை எண்ணுவதற்குள் "அட, ஐந்து பகா எண்ணாச்சே" என்று நின்றுவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அப்போது பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம். வீடு நெல்லித்தோப்பில். மில் மூடியபின் வாட்ச்மேனாகப் போய்க்கொண்டிருந்த அப்பா, "இந்தக் கணக்கு எதுக்கும்மா ஒதவும்?" என்று வாரம் ஒருமுறை கேட்பார். நானோ அந்த வாரம் எண் கோட்பாடு உள்தேர்வில் இருபத்தைந்துக்கு ஏழு வாங்கியிருந்தேன். (ஏழும் பகா எண்தான். அதைச் சொல்லியும் திட்டு குறையவில்லை.) கணிதத்தின் மானத்தை எப்படியாவது காப்பாற்றியே தீருவது என்று கறுவிக்கொண்டிருந்தபோதுதான் சுதா அக்காவின் நிச்சயதார்த்தம் வந்தது.

சாரத்தில் ஒரு சின்ன மண்டபம். அரியாங்குப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கியாயிற்று. சமையல்காரர் அப்பாவிடம் வந்தார்.

"அண்ணே, சோத்துக்கு உல வைக்கணும். எத்தினி பேருன்னு கரெக்டா சொல்லுங்க."

"நூத்தி எழுவது இருக்கும்" என்றார் அப்பா.

"நான் எண்ணிட்டு வரட்டா?" என்று எழுந்தேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். "நல்ல காரியத்துல தலைய எண்ணாதடி! கண்ணு பட்டுடும்."

என் மூளையில் மணி அடித்தது. எண்ணாமலே எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதே! சீன மீதித் தேற்றம். கூட்டத்தை மூன்று மூன்றாகப் பிரித்தால் எத்தனை பேர் மீதி, ஐந்தைந்தாகப் பிரித்தால் எத்தனை, ஏழேழாகப் பிரித்தால் எத்தனை? இந்த மூன்று மீதிகள் போதும், மொத்தம் தெரிந்துவிடும். ஒரு சின்னச் சிக்கல், மூன்றையும் ஐந்தையும் ஏழையும் பெருக்கினால் நூற்றைந்து என்பதால் விடை நூற்றைந்து நூற்றைந்தாகத் தள்ளித் தள்ளி வரும். அதில் எது சரி என்று கண்ணால் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

மைக்கைப் பிடித்தேன். "எல்லாரும் ஒரு விளையாட்டு விளையாடப் போறோம்! நான் சொல்ற நம்பருக்கு அத்தினி அத்தினி பேரா கைய கோத்து நிக்கணும்!"

பட்டுப்புடவைகள் ஓடின. வேட்டிகள் அவிழ்ந்தன. மூன்று என்றேன். யாரும் மீதியில்லை. ஐந்து என்றேன். மூன்று பேர் மீதி, அதில் ஒருவர் மாப்பிள்ளையின் அப்பா. ஏழு என்றேன். மறுபடியும் மூன்று பேர், மறுபடியும் அவர்.

"என்னை யாருமே சேத்துக்க மாட்றாங்களே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கு அவர் முகமா முக்கியம்? மீதிதான் முக்கியம்!

கையிலேயே கணக்குப் போட்டேன். மூன்று, நூற்றெட்டு, இருநூற்றுப் பதின்மூன்று. கல்யாண வீட்டில் மூன்று பேரா இருப்பார்கள்? இந்த மண்டபத்தில் இருநூறு பேர் எங்கே கொள்வார்கள்? ஆகவே நூற்றெட்டு. சாமிக்கே உகந்த எண் வேறு!

"நூத்தி எழுவதுக்கு மேலயே இருக்கும் போலருக்கும்மா" என்று அப்பா இழுத்தார்.

"அப்பா, நூத்தி எழுவது வரவே வராது. தேற்றம் தப்பாகாது."

பாவம், நம்பிவிட்டார். முதன்முதலாக என் படிப்பை நம்பினார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு அழுகை வரும்.

இரண்டாம் பந்தி பாதியில் சோறு தீர்ந்தது. சாம்பார் இருந்தது, வடை இருந்தது, சோறு இல்லை. காலி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது முழுக்க மாப்பிள்ளை வீட்டார். நடுவில் அந்த மீதி மனிதர்.

"வெளையாட்டு காட்டி பட்டினி போடவா கூப்டீங்க? எழுந்திரிங்கடா, போலாம்!"

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மேடையில் மாலையோடு இருந்ததால் தப்பித்தேன்.

அப்போது வெளியே ஒரு ஸ்கூட்டர் நின்றது. கலியபெருமாள் மாமா, அம்மாவின் தம்பி. பின்சீட்டில் மூட்டை, அதிலிருந்து துடைப்பக்கட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது நீள ரொட்டி. நிலைமையைப் பார்த்ததும் ரொட்டிக் கடைக்கு ஓடியிருக்கிறார். இலையில் ரொட்டியைப் பிட்டுப் போட்டு, மேலே சாம்பாரை ஊற்றினார்கள். முதல் ரொட்டியை மாமா சம்பந்திக்கே வைத்தார். அவர் ஒரு வாய் வைத்தார். மண்டபமே அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துப்பா" என்றார். அக்காவின் கல்யாணம் பிழைத்தது.

சாப்பிட்ட இலைகளை அப்பா எண்ணினார். (எச்சில் இலைக்குக் கண் படாதாம்.) நூற்றெழுபத்தெட்டு. அவமானத்தில் நான் சாப்பிடவில்லை, அதனால் எனக்கு இலை இல்லை. மூன்றால் வகுத்துப் பார்த்தேன். ஒன்று மீதி வந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் எங்கே போனார்?

"மூணு மூணா நிக்க சொன்னப்போ நான் டீ குடிக்க போயிருந்தேன்" என்றார் கலியபெருமாள் மாமா, வாய் நிறைய ரொட்டியோடு. "ஐஞ்சு சொன்னப்போதான் உள்ள வந்தேன். ஒருத்தன்தானம்மா, அதுல என்னா ஆயிடப் போவுது?"

மூன்றின் மீதியில் ஒன்று பிசகினால் இந்தக் கணக்கில் விடை எழுபது பிசகும். ஒரு டீ, எழுபது சாப்பாடு! அப்பாவுக்கு விளக்கினேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்ப தேற்றம் தப்பில்ல, ஒங்க மாமாதான் தப்பு" என்றார்.

இப்போது நான் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. போன வருடம் என் கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் மாமா நைசாக நாற்காலியிலிருந்து எழுந்தார். கெட்டிமேளத்தையும் மீறிக் கேட்டது அத்தையின் குரல்:

"யோவ், ஒக்காருய்யா! எழுவது பேரு சாப்பாடு போயிடும்!"