மகளைக் கணக்கில் காட்டிய நாள்

மட்டக்களப்பில் ஓர் ஆண்பிள்ளைக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஒரு மோட்டார் சைக்கிளும் நிறைய அபிப்பிராயங்களும் என்று தயங்காமல் சொல்லலாம். வீடு பெண்ணுக்கு. வீடு நிற்கிற வளவும் பெண்ணுக்கு. கலியாணம் முடிந்ததும் ஒரு சூட்கேசோடு நாங்கள் போய் இறங்குவது மனைவி வீட்டில்தான். நானும் அப்படித்தான் வந்தாறுமூலையில் வதனியின் வீட்டில் போய் இறங்கினேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குடும்பத்தின் தலைவன் நான்தான் என்று ஒரு நினைப்பு மட்டும் இருந்தது. இறைவரி அலுவலகத்தில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க அந்த நினைப்பு என்னை விட்டுப் போனது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கீடு படிப்பிக்கிறவன். (ஓம், கணக்கீடு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.) பின்னேரங்களில் டியூசன். அது நடப்பது எங்கள் வளவின் பின்பக்கத்து வீட்டின் முன் அறையில். அந்த வீட்டை என் மாமா, அதாவது வதனியின் அப்பா, தன் காசில் கட்டி, எங்கள் மகள் சஞ்சிகா பிறந்த கையோடு அவள் பெயருக்கே உறுதிப் பத்திரம் எழுதிவிட்டார். மற்ற அறைகளில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். வாடகையை வதனி மகளின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போட்டுவிடுவாள். நான் அதைக் கண்ணால் காண்பதில்லை.

காணாவிட்டால் என்ன, வருமான விவரத்தை அனுப்பும்படி கடிதம் வந்தபோது அந்த வாடகையையும் என் பெயரிலேயே போட்டேன். வீட்டுத் தலைவன் அல்லவா? சம்பளம், டியூசன், வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வரி எல்லையைத் தாண்டி நின்றது. விட்டுப்போன வருடங்களையும் சேர்த்தால், வதனிக்கு ஸ்கூட்டர் வாங்க வைத்திருந்த காசு அப்படியே போய்விடும். அவள் தினமும் டவுனுக்கு வேலைக்குப் போவது பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான். அந்த ஸ்கூட்டரை நான் வாக்குக் கொடுத்து, தள்ளிப்போட்டு, திரும்பவும் வாக்குக் கொடுத்திருந்தேன். இந்த முறையும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து வதனியின் அண்ணன் பேசினார். "மச்சான், நாங்க இஞ்ச புள்ளயக் காட்டித்தான் வரியக் குறைக்கிற. ஏன், உனக்குப் புள்ள இல்லயா?"

இருந்தது. ஒன்பது வயதில், நல்ல வாயோடு. அவர் சொன்ன சட்டம் கனடாவுக்குரியது என்ற சின்ன விசயம் மட்டும் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அன்றே ஒரு பைல் திறந்தேன். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பல் பிடுங்கிய பில், சப்பாத்து வாங்கிய பில், வங்கிப் புத்தகம், வீட்டு உறுதி என்று சஞ்சிகாவின் பெயர் எழுதிய எதையும் விடவில்லை. அவள் மாதம் எத்தனை முட்டை சாப்பிடுகிறாள் என்று அட்டவணை வேறு போட்டேன்.

வதனி எட்டிப் பார்த்தாள். "சட்டம் என்னெண்டு ஆரிட்டயும் கேட்டீங்களா?"

"நான் கணக்கீட்டு வாத்தியார், வதனி."

"அதான் கேக்கிறன்."

பள்ளிக்கூட விடுமுறை. சாட்சிக்கு மகளையும் இறைவரி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "கொஞ்சம் வாடின மாதிரி இரி புள்ள, வாய் திறக்காத" என்று சொல்லி வைத்திருந்தேன். அவளோ வழியில் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டு, வாயெல்லாம் எண்ணெய் மினுங்க, காதில் தங்கத் தோட்டோடு வந்து உட்கார்ந்தாள். எங்களுக்குப் பின்னால் ஏறாவூர்ப் புடவைக்கடை ஹாஜியார். அவருடைய மகன் என் டியூசனில் படிக்கிறான்.

அதிகாரி அம்மா பைலைப் புரட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றார். "சேர், இதென்ன முட்டை?"

"புள்ளட செலவு மேடம். என்னில தங்கியிருக்கிற புள்ள, என்ட உழைப்பிலதான் சீவியம். அதக் கழிக்கத்தான்."

"நம்மட நாட்டில புள்ளைக்கெண்டு வரிக் கழிவு ஒண்டும் இல்லயே, சேர்."

"கனடாவில இருக்கு மேடம்."

"அப்ப இதக் கனடாவிலதான் குடுக்கணும்."

ஹாஜியாருக்குப் புரையேறியது. அந்த நேரமே பைலைச் சுருட்டிக்கொண்டு எழும்பியிருந்தால் மானம் பாதியாவது தப்பியிருக்கும். எனக்கோ ரோசம் வந்துவிட்டது. வகுப்பில் பேசுகிற குரலில் தொடங்கினேன்: "மேடம், இந்தப் புள்ள தின்னுறது, உடுக்கிறது, இருக்கிறது, எல்லாமே என்னால!"

"இருக்கிறது இல்லப்பா" என்றாள் சஞ்சிகா. "நாங்க இருக்கிறது அம்மாட வீடு. நீங்க கிளாஸ் எடுக்கிறது என்ட வீடு."

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "உங்கட வீடா மகள்?"

"ஓம். அம்மப்பா எழுதித் தந்தவர்."

உறுதி பைலிலேயே இருந்தது. வங்கிப் புத்தகமும் இருந்தது. அவர் இரண்டையும் ஆறுதலாக, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "கிளாஸ் எடுக்கிற அறைக்கு நீங்க வாடகை குடுக்கிறீங்களா, சேர்?"

"இல்ல மேடம். தகப்பன்தானே."

ஹாஜியாரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அப்ப சேர்தானே புள்ளயில தங்கியிருக்கிற!"

வரிசை முழுக்கச் சிரித்தது. வாசலில் நின்ற காவலாளியும் உள்ளே வந்து என்னவென்று கேட்டுச் சிரித்தார். வெளியே வாவி கிட்டத்தான், ஓடிப்போய்ப் பாய்ந்துவிடலாமா என்று நினைத்தேன். அந்த இடத்தில் முழங்காலளவு தண்ணீர்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

அதிகாரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து, நான் அழகாக எழுதியிருந்த வாடகை வரியின் மேல் ஒரு கோடு கிழித்தார்.

"வீடு புள்ளட. எழுதினது அவட அம்மப்பா. காசு போறதும் புள்ளட கணக்குக்கு. இது உங்கட வருமானமே இல்ல. ஏன் சேர் தேவையில்லாமத் தலையில தூக்கி வச்சிருக்கீங்க?"

தலைவன் என்பதால் வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? அவர் மறுபடியும் கூட்டினார். சம்பளமும் டியூசனும் எல்லைக்குள் அடங்கி நின்றன. பிள்ளையின் வாடகையும் தனியே எல்லைக்குக் கீழேதான்.

"நீங்க கட்ட ஒண்டும் இல்ல. போயிற்று வாங்க."

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோசத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. அவமானம் போன இடம் தெரியவில்லை. எல்லாவற்றையும் இப்படித்தான் திட்டமிட்டு வந்தேன் என்பது போல நெஞ்சை நிமிர்த்தி ஹாஜியார் பக்கம் திரும்பினேன். அவர் சிரிப்பை நிறுத்தித் தன் பைலைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள், மூன்று வீடுகள்.

"சேர்," என்றார் மெல்ல, "அந்த முட்டை அட்டவணையும் வேணுமா?"

ஸ்கூட்டர் அந்த மாதமே வந்தது. சிவப்பு நிறம். வதனி ஓட்ட, நான் பின்னால் இருந்துதான் கோயிலுக்குப் போனோம். வழியெல்லாம் முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். ஸ்கூட்டரும் அவள் பெயரில்தான்.

ஹாஜியாரின் மகன் கதையை வகுப்பில் அவிழ்த்துவிட்டதில், என் மாணவர்களுக்கு சஞ்சிகா இப்போது வீட்டுக்காரம்மா. வகுப்பு முடிந்தால் அவளே வந்து ஃபேனை நிறுத்துகிறாள். குரலை உயர்த்தி அதட்டினால், "அப்பா, நீங்க ஆரில தங்கியிருக்கீங்க?" என்று ஒரு கேள்விதான். நான் அடங்கிவிடுவேன். டவுனில் எங்கே கண்டாலும் ஹாஜியார் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே கூப்பிடுகிறார்.

"சேர், உங்கள வச்சுப் பாக்கிற புள்ள சுகமா?"

"சுகம் ஹாஜியார்," என்று நானும் சத்தமாகவே சொல்வேன். "இந்த வருசமும் வீட்ட விட்டு எழும்பச் சொல்லல்ல."