செம்புள்ளி குத்தப்பட்ட மாமனார் எழுதுவது

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்படி நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். உங்கள் கம்பெனி நடத்தும் கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டார்கள். 'நன்மதிப்பு இழந்தவர்' என்று அதற்கு அர்த்தமாம். ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் கம்பவுண்டராக இருந்து, ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வுபெற்ற மனிதனுக்கு வீட்டில் உட்கார்ந்த இடத்தில் கரும்புள்ளி செம்புள்ளி. கழுதை ஒன்றுதான் பாக்கி. பரிசையும் மதிப்பையும் பங்கு போடுகிற அந்தப் பிரிவிலேயே நீங்கள் உத்தியோகம் பார்ப்பதால், வேறு யாரிடம் போய் முட்டிக்கொள்வது என்று தெரியாமல் உங்களுக்கே எழுதுகிறேன். போனில் சொன்னால் "நோட் பண்ணிக்கிறேன் மாமா" என்பீர்கள். எதில் நோட் பண்ணுகிறீர்கள் என்று இதுவரை எனக்குப் புலப்படவில்லை.

நானாக வந்து துப்பாக்கியைத் தூக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள்தான் "மாமா, சும்மா விளையாடிப் பாருங்க, பெரியவங்களுக்கு இந்தப் பரிசு முறையும் மதிப்பு முறையும் எப்படித் தோணுதுன்னு எழுதிக் குடுங்க, ஆபீஸ்ல கேக்குறாங்க" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளும் நீங்களும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து விளையாடுவீர்கள், நானும் அதே அணியில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆசையும் காட்டினீர்கள். அந்த ஆசைக்குத்தான் விழுந்தேன். போனில் அவள் பேசுவது உங்களுக்குத் தெரியும். "நல்லா இருக்கேன்பா, நீ மாத்திரை போட்டியா, அம்மாகிட்ட குடு." முடிந்தது. விளையாட்டிலோ "அப்பா, குனி! அப்பா, பின்னாடி பாரு! அப்பா, அது செவுருப்பா, அதை ஏன் சுடற!" என்று மூச்சு விடாமல் கத்துவாள், நான் செத்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். பெற்ற மகளிடம் இப்படித் திட்டு வாங்குவதற்காக நான் ஞாயிறு எப்போது வரும் என்று திங்கட்கிழமையே காத்திருக்க ஆரம்பித்தேன்.

அவளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று மற்ற நாட்களில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து பழகினேன். வினையே அங்கேதான். எனக்குத் துப்பாக்கி பிடிக்க வராது, மருந்துப் பெட்டி பிடிக்க வரும் என்பதால் மருத்துவ வீரன் வேஷம் எடுத்துக்கொண்டு 'மருந்துமாமா' என்று பெயரும் வைத்துக்கொண்டேன். முதல் நாள் அடிபட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என்மேல் வந்து விழுந்தார்கள். நான் பார்க்காத கூட்டமா? "முண்டியடிக்காதீங்க, வரிசையா வாங்க" என்று மைக்கில் ஓர் அதட்டல் போட்டேன். பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள், வரிசையாக நின்றார்கள். எதிரி வந்து வரிசையாகவே சுட்டுவிட்டுப் போனான். 'இடிமுழக்கம்' என்ற பெயரில் விளையாடும் ஒருவன் "யோவ் பெருசு, இது என்ன தர்மாஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டுப் புகார் பட்டனை அமுக்கினான். இன்னொருவனுக்குத் தோளில் லேசான சிராய்ப்பு. "இதுக்கெல்லாம் ஊசி வேண்டாம் தம்பி, தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க" என்றேன். உட்கார்ந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தான். அவன் பங்குக்கு ஒரு புகார். ஒருவரும் என்னைக் கூப்பிட்டு என்ன ஏது என்று விளக்கம் கேட்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் பஞ்சு திருடியவனுக்குக்கூட விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பரிசு முறையைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன். உயிரெடுத்தால் நூறு, உயிர் கொடுத்தால் பத்து. இதுதான் உங்கள் கணக்கு. இதை எந்த மகான் உட்கார்ந்து யோசித்தார்? நான் எழுப்பி விட்ட பயல் ஓடிப் போய் நாலு பேரைச் சுட்டுவிட்டுத் தங்கத் துப்பாக்கி வாங்கிக்கொள்கிறான், எனக்கு ஒரு 'நன்றி' கூடக் கிடையாது. வாரக்கணக்கில் ஊசி போட்டுச் சேர்த்த புள்ளிகளுக்கு எனக்குக் கிடைத்தது ஓர் இளஞ்சிவப்புத் தலைக்கவசம். அதை மாட்டிக்கொண்டு புதருக்குள் ஒளிந்தால் பார்வை மங்கிய எதிரிக்கும் நான் பளிச்சென்று தெரிகிறேன். செத்தவன் உடம்புக்குப் பக்கத்தில் நின்று இடுப்பை ஆட்டுகிற நடனத்துக்கு மட்டும் தனிப் பரிசு வைத்திருக்கிறீர்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று விசாரித்துத்தான் பெண் கொடுத்தோம்.

ஆட்டம் முடிந்ததும் ஒருவரையொருவர் பாராட்டலாம், அதில் மதிப்பு ஏறும் என்று வைத்திருக்கிறீர்களே, அங்கே நடக்கிற கொடுக்கல் வாங்கல் உங்களுக்குத் தெரியுமா? நீ எனக்கு ஒன்று போடு, நான் உனக்கு ஒன்று போடுகிறேன் என்று கூட்டாளிகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பெயரைச் சுற்றித் தங்க மாலையோடு உலா வருகிறார்கள். அதில் ஒருவன் முதல் குண்டுச் சத்தத்துக்கே பீப்பாய்க்குள் ஒளிந்து ஆட்டம் முடியும்வரை வெளியே தலை காட்டாதவன். அவனுக்கு 'அஞ்சா நெஞ்சன்' பாராட்டு. ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் உங்கள் அத்தைக்கு ஒரு கணக்கு ஆரம்பித்தேன். விளையாடி முடித்ததும் என்னைப் பாராட்ட வேண்டும், வேலை அவ்வளவுதான். அவள் 'சும்மாஇரு' என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே வந்து, பார்த்தவர்களை எல்லாம் சுட்டுச் சாய்த்துவிட்டு "இவ்ளோதானா?" என்று கேட்டாள். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு புகார்க் காரணங்களை ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்தாள். 'அணியினர் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை' என்பதை என் பெயருக்கு நேரே அமுக்கினாள்.

"என்னடி பண்ணிட்ட?" என்று பதறினேன்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லணும்னு இருந்தேன். இப்பத்தான் பட்டன் வெச்சிருக்காங்க" என்றாள்.

அதோடு என் மதிப்பு கிடுகிடுவென்று இறங்கியது. கடைசி உதை அடுப்பிலிருந்து வந்தது. ஒருநாள் காலை ஆட்டம் மும்முரமாக நடக்கும்போது குளியலறையிலிருந்து உங்கள் அத்தை "பால் பொங்குது, காதுல விழுதா இல்லையா?" என்று சத்தம் போட்டாள். காதில் வாங்குவதில்லை என்று ஏற்கெனவே புகார் இருக்கிற ஆள் நான். எழுந்து ஓடினேன். அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் 'களத்தை விட்டு ஓடியவர்' என்று எழுதிச் சிவப்புப் புள்ளி வைத்து, மதிப்பு இழந்தவர்களுக்கென்றே தனியாக வைத்திருக்கிற அறையில் தள்ளிவிட்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. உங்கள் கம்பெனி அகராதியில் நல்லவன் என்றால் பால் பொங்கினாலும் வீடு பற்றி எரிந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவன்.

அந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ரவுடிகள் இருப்பார்கள் என்று நடுங்கிக்கொண்டுதான் போனேன். 'தூக்கம்போச்சு' என்று ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. குழந்தை அழுதால் துப்பாக்கியைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். 'வண்டிவந்தாச்சு' என்பவர் வாடகைக் கார் ஓட்டுகிறார், சவாரி வந்தால் போர் பாதியில் நின்றுவிடும். 'வாய்க்கொழுப்பு' என்று ஒருவன் மட்டும் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். நான் செத்துக் கிடந்தால் அந்தக் கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொண்டே குண்டு மழையில் ஓடி வந்து என்னைத் தூக்கிப் போகிறவனும் அவன்தான். வேலை வெட்டி உள்ளவர்களையெல்லாம் பொறுக்கி எடுத்து ஒழுங்கீனர்கள் என்று ஓர் அறையில் பூட்டியிருக்கிறீர்கள் மாப்பிள்ளை.

ஆகவே என் யோசனைகள். உயிர் கொடுப்பவனுக்கும் நூறு கொடுங்கள். புகார் கொடுப்பவன் தன் பெயரைப் போட்டுக் கொடுக்கட்டும், முகத்துக்கு நேரே கேட்கட்டும். தண்டனைக்கு முன்னால் ஒரு வார்த்தை விளக்கம் கேளுங்கள். அவசரத்துக்கு எழுந்து போகிறவனுக்குச் சாதாரண விடுப்பு என்று ஒன்று வையுங்கள், 'போய்ட்டு வரேன்' என்று அமுக்கிவிட்டுப் போய்வரட்டும். விடுப்பு என்ற வார்த்தையே உங்களுக்கு ஆகாது என்று தெரியும். உங்கள் ஆபீஸிலும் மேலாளர் ஆளுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுகிறார் அல்லவா? போன முறை எங்களைப் பார்க்க வர டிக்கெட் எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் லீவு போட்டால் மதிப்பெண் குறையும் என்று ரத்து செய்தீர்கள். உங்கள் அத்தை துவைத்துப் போட்ட மெத்தை விரிப்பை மடித்து மறுபடி பீரோவில் வைத்தாள். நான் குறையாகச் சொல்லவில்லை. தான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் அளவுக்குத்தான் தச்சன் அடுத்தவனுக்கும் நாற்காலி செய்வான்.

எனக்குத் தங்க மாலை வேண்டாம், தங்கத் துப்பாக்கியும் வேண்டாம். மகள் பெயரைச் சுற்றித் தங்க மாலை இருக்கிறது, என் பெயரில் சிவப்புப் புள்ளி இருக்கிறது. மாலைக்காரர்களும் புள்ளிக்காரர்களும் ஒரே அணியில் சேர முடியாது என்று விதி வைத்திருக்கிறீர்கள். போன மாதம் ஒரு ஞாயிறு அவள் அணிக் கதவைத் தட்டினேன். 'இவரோடு சேர உங்களுக்குத் தகுதியில்லை' என்று எழுத்து வந்தது. என் மகளோடு சேர எனக்குத் தகுதியில்லையாம். உடனே போன் செய்தேன். "ஐயோ அப்பா, என்ன பண்ணி வெச்ச?" என்று சிரித்தாள். பிறகு "ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சுப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. கோபமில்லை, எனக்கு அழுகைதான் வந்தது. உங்கள் அத்தை பார்த்துவிடக் கூடாதே என்று முகம் கழுவிக்கொண்டேன். எந்த அதிகாரியின் காலைப் பிடிப்பீர்களோ எனக்குத் தெரியாது, அந்தப் புள்ளியை எப்படியாவது அழித்துக் கொடுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று, ஒருவரையொருவர் புரிந்துகொண்டு நீண்ட காலம் வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். உங்கள் மேலாளருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மதிப்பெண் போடும்போது அது உதவலாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்
(மருந்துமாமா, சிவப்புப் புள்ளி)

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஒரு யோசனையையும் ஆபீஸில் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே போனில் சொன்னதை யாரிடமாவது சொல்லியிருந்தால், மாமனாருக்கு வயதாகிவிட்டது, உளறுகிறார் என்று சொல்லிவிடுங்கள். இன்று ஞாயிறு. மத்தியானம் வேறு போக்கிடம் இல்லாமல் எங்கள் அறைக்கே போய் உட்கார்ந்தேன். புதிதாக ஓர் ஆள் உள்ளே வந்தது, புத்தம் புதுச் சிவப்புப் புள்ளியோடு. "அப்பா, நடுரோட்டுல என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கற, குனி!" என்றது. தங்க மாலையை எப்படித் தொலைத்தாள் என்று கேட்டேன். இந்த வாரம் முழுக்கச் சொந்த அணிக்காரன் ஒருவனை முதுகுப் பக்கமாகவே சுட்டுக்கொண்டிருந்தாளாம். அவனும் ஒவ்வொரு முறையும் 'அணிக்குத் துரோகம்' என்று காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்துப் புகார் கொடுத்தானாம். பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிற சொந்தப் பெண்டாட்டி மேல் அப்படிப் புகார் கொடுக்கிற நேர்மை யாருக்கு வரும் மாப்பிள்ளை? "அவருக்கு ரூல்ஸ்னா ரூல்ஸ்ப்பா, அதை நம்பித்தான் சுட்டேன்" என்றாள். விளக்கு வைக்கிற நேரம்வரை பேசினோம், திட்டினாள், சிரித்தாள். 'வாய்க்கொழுப்பு'கூட அவளுக்கு முன்னால் வாயைக் கட்டிக்கொண்டான். என் புள்ளியை யாரும் தொட வேண்டாம். உங்களுக்கு அங்கே தனியாகத் தோன்றினால் நீங்களும் இங்கே வரலாம், வழியை உங்கள் மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.