தள்ளு மாப்பிள்ளை

"இதுல நான் எங்க உட்கார்றது?"

மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் ஒரு சாக்கு மூட்டை உட்கார்ந்திருந்தது. அதன் மடியில் இன்னொரு பை. இரண்டையும் சேர்த்துக் கட்டிய கயிற்றின் நுனி குமாஸ்தாவின் பல்லிடுக்கில் இருந்தது. அந்த வாயோடு அவர் ஏதோ பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று அவளுக்குப் புரியாமல் போனதே குடும்பத்துக்கு நல்லது.

"நாளைக்கு ஏரிக்கரைக்குச் சாப்பிடப் போறோமா, ஏரிக்குக் குறுக்கே பாலம் கட்டப் போறோமா?"

அவர் கயிற்றை முடிந்துவிட்டு நிமிர்ந்தார். "எதுக்கும் இருக்கட்டும்."

அவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஒரு மனிதனுக்கு எந்தெந்த வழியில் கேடு வரக்கூடும் என்று காலையிலிருந்து மாலைவரை படித்துக் கையெழுத்துப் போடுகிறவர். 'எதுக்கும் இருக்கட்டும்' என்பது அந்த ஆபீஸில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் இந்த மூட்டைக்குக் காரணம் ஆபீஸ் இல்லை. மச்சான்.

மனைவியின் அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோனபோது ஒரு விருந்து வைத்தார். அதற்குப் போகிற வழியில் குமாஸ்தாவின் வண்டியில் செயின் அறுந்துவிட்டது. கையில் ஒரு திருப்புளிகூடக் கிடையாது. போனில் கூப்பிட்டதும் மச்சான் ஓடி வந்தார். வந்தவர் தன் வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி, குமாஸ்தாவின் வண்டியை மிதித்துத் தள்ளிக்கொண்டே கடைத்தெரு வழியாகக் கொண்டுபோனார். பின்னால் இருந்த மனைவி கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். புது வீட்டு வாசலில் சொந்தபந்தம் மொத்தமும் நின்று வேடிக்கை பார்த்தது.

"தள்ளு மாப்பிள்ளை வந்தாச்சு, சாப்பாட்ட எடுத்து வைங்க!" என்று மச்சான் குரல் கொடுத்தார்.

அன்றிலிருந்து அதுதான் பெயர். பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயரை எல்லோரும் மறந்துபோனார்கள். மனைவியின் சித்தி ஒருநாள் போன் செய்து, "தள்ளு மாப்பிள்ளைக்கு ஜலதோஷம்னு கேள்விப்பட்டேன், இப்ப தேவலையா?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தாள். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அன்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பக்கத்து அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றதை மனைவி பார்த்தாள்.

நாளைக்கு அதே சொந்தபந்தம் ஏரிக்கரையில் கூடுகிறது. வழியில் வண்டி நின்றால் தானே இறங்கி, தானே சரிசெய்து, தானே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். தலையே போனாலும் யாரையும் கூப்பிடக் கூடாது. குமாஸ்தா முடிவு கட்டிவிட்டார்.

என்னென்ன சாமான் எடுத்துப் போகலாம் என்று முதலில் தெருமுனை மெக்கானிக்கிடம்தான் கேட்டார்.

"உங்க வண்டிக்கு மூணு போதும் சார். ரெண்டு ஸ்பேனர், ஒரு திருப்புளி. பாதிக் கோளாறுக்கு விரலே போதும்."

"மீதிப் பாதிக்கு?"

"என் போன் நம்பர்."

யாரையும் கூப்பிடுவதில்லை என்று சபதம் போட்ட மனிதரிடம் சொல்கிற பேச்சா இது? அவர் விறுவிறுவென்று இரும்புக் கடைக்கு நடந்தார். இரண்டு ஸ்பேனர் வாங்கப் போனவர், அப்பன் பிள்ளை பேரன் என்று ஒரு வம்சத்தையே கூட்டி வந்தார். அவை பைக்குள் ஒன்றோடொன்று இடித்துச் சண்டை போட்டன. சத்தம் அடங்க ஒவ்வொன்றுக்கும் பழைய பனியனைச் சுற்றினார். பை பருத்துப்போனதால் வண்டிக்குப் பக்கவாட்டில் தொங்கவிட்டார். சைலன்சர் சூட்டில் பனியன் பற்றிப் புகைந்து, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. சரி, பின்னால் ஏற்றுவோம் என்று ஏற்றினால் பாரம் தாங்காமல் டயர் சப்பிப்போனது. ஆகவே காற்றடிக்க ஒரு பம்பு. டயரைக் கழற்ற நேர்ந்தால் நெம்ப இரண்டு கம்பி. கம்பியைத் தட்ட ஒரு சுத்தி. சுத்தி விரலில் பட்டால் கட்ட ஒரு துணி.

"இதுல உருப்படியா உபயோகப்படப்போறது அந்தத் துணி ஒண்ணுதான்," என்றாள் மனைவி.

அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் நின்று தன் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மாமனாருக்குக் காது மந்தம். அவரிடம் ரகசியம் சொன்னால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"இடது பக்கம்ப்பா! வலது இல்ல, இடது! லேசாத் திருப்பினாப் போதும்! யார்கிட்டயும் வாயத் திறக்கக் கூடாது, தெரியுதா?"

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "என்னவாம் மாமாவுக்கு?"

அவள் ஒரு கணம் திருதிருவென்று விழித்தாள். "கழுத்துப் பிடிப்பாம். எந்தப் பக்கம் திருப்பணும்னு கேட்டார்."

"அதுக்கு ஏன் வாயத் திறக்கக் கூடாது?"

"தாடையும் சேர்ந்து பிடிச்சுக்குமே."

அதுவும் சரியாகத்தான் பட்டது அவருக்கு. ஒரு தைலப் புட்டியைத் தேடி எடுத்து மூட்டைக்குள் செருகினார். எதுக்கும் இருக்கட்டும்.

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். முன்னால் குமாஸ்தா, நடுவில் மனைவி, பின்னால் மூட்டை. மூட்டையில் அடங்காத பம்பு மனைவியின் மடியில் குறுக்காகக் கிடந்தது. எதிரே வந்தவர்கள், பாவம், வீடு காலி செய்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வண்டி நிற்கவில்லை. ஊர் எல்லையைத் தாண்டியும் முக்கி முனகி ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை சாமானையும் சுமந்து வந்தவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஏரிக்கு முந்தைய வளைவில் ஒரு பெரிய மரம். அதன் நிழலில் மச்சானின் வண்டி நின்றிருந்தது. மச்சான் அதை உதைத்து உதைத்துச் சட்டை நனைந்து நின்றார். மாமனார் மைல்கல்லின்மேல் கைகளைக் கட்டிக்கொண்டு, உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, சமத்தாக உட்கார்ந்திருந்தார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது குமாஸ்தாவுக்கு.

"என்ன மச்சான், தள்ளணுமா?"

மச்சானின் முகம் சுண்டிப்போனது. "வாங்கின நாள்லேர்ந்து ஒருதரம்கூட நின்னதில்ல மாப்பிள்ளை. தண்ணி வாங்கலாம்னு கடைக்குள்ள போனேன், அப்பா வண்டிகிட்டயே நின்னார். திரும்பி வந்து எடுத்துக் கொஞ்ச தூரம்கூட வரல, பொசுக்குன்னு நின்னுபோச்சு. மெக்கானிக்கக் கூப்பிடலாம்னு போனை எடுத்தேன்..."

"உள்ள வைங்க போனை. நான் எதுக்கு இருக்கேன்?" குமாஸ்தா மூட்டையின் கயிற்றை அவிழ்த்தார். "ஆனா ஒரு நிபந்தனை. இத ஓட வச்சுட்டேன்னா, அந்தப் பேர இனிமே யாரும் சொல்லக் கூடாது."

"ஓட வைங்க. ஏரிக்கரையில எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன், இவர் மெக்கானிக் மாப்பிள்ளைன்னு."

மெக்கானிக் மாப்பிள்ளை! காதில் தேன் வந்து பாய்ந்தது. சாக்கை விரித்து, பனியன்களை உரித்து, ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, டாக்டரைப் போல் கைகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏங்க, பெட்ரோல் வருதான்னு முதல்ல பாருங்களேன்," என்றாள் மனைவி.

அவர் டேங்க்கின் மூடியைத் திறந்து பார்த்தார். "தளும்புது."

"இருக்கான்னு கேக்கல. வருதான்னு..."

"நீ நிழல்ல போய் நில்லும்மா. புடவையில எண்ணெய் தெறிச்சா அப்புறம் என்னைத்தான் சொல்லுவே."

மைல்கல்லின்மேல் இருந்த மாமனார், வாயைத் திறக்காமல் தலையை மட்டும் இடது பக்கமாக வெட்டினார். மறுபடியும் வெட்டினார்.

"ஐயையோ மாமா, கழுத்த ஆட்டாதீங்க!" குமாஸ்தா எழுந்து போய், புட்டியைத் திறந்து, மாமனாரின் கழுத்தில் பரபரவென்று தைலம் தேய்த்துவிட்டு வந்தார். மாமனார் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு மகளைப் பார்த்தார். மகள் மரத்தைப் பார்த்தாள்.

முதலில் பிளக்கில் கை வைத்தார். அது அசைய மறுத்துப் பிடிவாதம் பிடித்தது. பிடிவாதத்தில் குமாஸ்தா மட்டும் சளைத்தவரா? பம்பின் குழாயை ஸ்பேனரில் செருகி நீளமாக்கி, மேலே காலை வைத்து மிதித்தார். 'டக்' என்றது. பிளக்கின் வெள்ளைத் தலை தனியாகக் கழன்று உருண்டு வந்தது.

"ஐயோ!" என்றார் மச்சான்.

"பார்த்தீங்களா? பிளக் போச்சு. அதான் வண்டி நின்னிருக்கு."

மீதிப் பிளக்கைக் கம்பியாலும் சுத்தியாலும் கெஞ்சிக் கூத்தாடி வெளியே எடுத்தார். மாற்றுப் பிளக் அவரிடம் இருந்தது, எதுக்கும் இருக்கட்டும் என்று வாங்கினது. அவருடைய வண்டிக்கு வாங்கினது. கொஞ்சம் பருமன் அதிகம். அதனால் என்ன, நம் கையிலும் வலு இருக்கிறதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார். முதலில் இறுகியது, பிறகு வழவழவென்று சுற்றிக்கொண்டே இருந்தது.

"மறை கழண்டுடுச்சு," என்று முணுமுணுத்தார்.

"யாருக்கு?" என்றார் மச்சான்.

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் குமாஸ்தா அடுத்ததாகக் கார்புரேட்டரைக் கழற்றினார். கழற்றும்போது ஒரு சின்ன ஸ்பிரிங் துள்ளிக் குதித்துப் புதருக்குள் போய் மறைந்தது. போகிற பொருளைப் பற்றிக் கவலைப்படுகிற நேரமில்லை. உள்ளே பார்த்தவரின் புருவம் உயர்ந்தது.

"விசித்திரமா இருக்கே! டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கு, இங்க ஒரு சொட்டு இல்ல!"

"அதத்தானே நான் அப்பவே கேட்டேன், வருதான்னு!" மனைவி பாய்ந்து வந்து வண்டியின் இடது பக்கத்தில் கையை நீட்டினாள்.

"தொடாதே, சூடு!" அவள் கையைத் தட்டிவிட்டார். "இது அடைப்பு. பெரிய அடைப்பு." குழாயில் வாயை வைத்துக் கன்னம் புடைக்க ஊதினார். ஊதியதில் தலை சுற்றியது. சமாளிக்கத் தன் வண்டியின்மேல் சாய்ந்தார். மூட்டையின் பாரத்தில் அதன் ஸ்டாண்டு ஏற்கெனவே மண்ணில் பாதி புதைந்திருந்தது. வண்டி, மூட்டை, குமாஸ்தா மூன்றும் ஒன்றாகச் சாய்ந்தன. எழுந்து பார்த்தால் கிளட்ச் பிடி முறிந்து, அவருக்கு முன்னால் கிடந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் மூட்டையில் மாற்று இல்லை. விரலில் ரத்தம் வந்தது. மனைவி அந்தத் துணியை எடுத்துக் கட்டுப் போட்டாள்.

அப்போது மச்சானின் போன் அடித்தது. ஏரிக்கரையிலிருந்து அவர் மனைவி. "எல்லாரும் எங்கதான் போய்த் தொலைஞ்சீங்க? சாப்பாடு ஆறுது!" காது மந்தமான மாமனாருக்குச் சாப்பாடு என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. மைல்கல்லின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குமாஸ்தா சாக்கின்மேல் பரவிக்கிடந்த சாமான்களைப் பார்த்தார். கழன்றவை, உடைந்தவை, எதுவென்றே தெரியாதவை. இன்றைக்கும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இனி சாகும்வரை அதுதான் பெயர்.

ஆனாலும் மனிதர் விடுகிற ஆள் இல்லை. சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "மச்சான், வருத்தப்படாதீங்க. உங்க வண்டிக்கு வந்திருக்கிறது லேசான கோளாறு இல்ல. வேற யாரா இருந்தாலும் இவ்வளவு தூரம்கூடக் கண்டுபிடிச்சிருக்க முடியாது. வாங்க, ஏரி பக்கந்தான். ஆளுக்கொரு வண்டியாத் தள்ளிட்டுப் போயிடலாம்."

மச்சான் தன் வண்டியை ஒருதரம் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, குமாஸ்தாவின் தோளில் கையைப் போட்டார்.

"உங்களச் சொல்லிக் குத்தமில்ல மாப்பிள்ளை. நின்னது என் வண்டி. உதவிக்கு வந்து உங்க வண்டியும் போச்சு, விரலும் போச்சு. மிஷின்னா யாருதா இருந்தாலும் ஒருநாள் நிக்கும், இன்னைக்குத்தான் புத்தி வந்துச்சு. அந்தப் பேர நான் இனிமே வாயால சொல்ல மாட்டேன். போதுமா?"

குமாஸ்தா கட்டுப் போட்ட விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள். காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள்.

மாப்பிள்ளை மச்சான் இருவரும் ஆளுக்கொரு வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். நடந்த பேச்சு ஒன்றும் காதில் விழாத மாமனார் மைல்கல்லிலிருந்து மெல்ல இறங்கி வந்தார். மகனுடைய வண்டிக்கு இடது பக்கமாகக் குனிந்து கையை நீட்டியபடி, காது மந்தமானவர்கள் ரகசியம் பேசுகிற குரலில் மகளிடம் கேட்டார்:

"ஏம்மா, நேத்து நீ மூடச் சொன்ன பெட்ரோல் குழாய இப்பவாவது திறந்து விட்டுடட்டுமா? பசி தாங்கலம்மா!"