ஒரே அடுக்கு போதும், மகளே

ஆம்பூர்

அன்பு மகள் இரமுக்கு, அப்பா மக்பூல் அகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. சென்னையில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும். போனில் சொன்னால் சிரித்தே சமாளித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

எல்லாம் உன்னால் வந்த வினை. பேய்க்கதை எழுதினாய், சந்தோஷம். அதோடு விட்டாயா? கொலை நாவல், குழந்தைப் பாட்டு, பிரியாணிப் புத்தகம் என்று எழுதித் தள்ளினாய். நம் ஊர் நூலகத்தில் அவற்றை ரகம் பிரித்துத் திசைக்கொன்றாக வைத்திருக்கிறார்கள். ஷூ கம்பெனி பேக்கிங்கில் காலமெல்லாம் ஜோடி சேர்த்துப் பெட்டியில் போட்டவன் நான். இடது ஒரு பக்கம், வலது ஒரு பக்கம் கிடந்தால் கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் பொறுக்கி ஜன்னலோர அடுக்கில் ஒன்றாக வைத்தேன். நூலகர் அமிர்தவள்ளி பிரித்து வைப்பார், மறுநாள் நான் சேர்த்து வைப்பேன், இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் பக்கத்துத் தெரு அஃப்ஸர் ஜஹான், மாப்பிள்ளை விருந்துக்காகப் பிரியாணிப் புத்தகம் எடுக்க வந்து, அட்டையில் உன் பெயரை மட்டும் பார்த்து, பக்கத்தில் இருந்த கொலை நாவலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கொலைகாரன் யாரென்று தெரியாமல் அடுப்பு பற்றவைக்க மனம் வரவில்லையாம். மாப்பிள்ளைக்கு ஓட்டல் பார்சல்!

விஷயம் தெரிந்ததும் இன்று காலை அமிர்தவள்ளி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பாய், உங்க வேலைதானா? சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் அதது எடத்துல வச்சிடுங்க. இல்லாட்டி கார்டைக் குடுத்துட்டுப் போங்க."

"என் பொண்ணு புக்கும்மா. தனித்தனியா கெடக்குதேன்னு பேஜாரா இருக்கு."

"ரூல் அப்டி பாய். நான் இன்னா பண்றது?"

கார்டு போனால் நான் எங்கே போவேன்? உன் அம்மி கண்மூடிய பிறகு வீட்டில் பேச ஆளில்லை. அங்கே போய் உன் பெயரைப் பார்த்தால்தான் நீ வந்துவிட்டுப் போனது போல இருக்கிறது. ஆகவே, பேட்டா, இனி ஒரே ரகமாக எழுது. பேயோ பிரியாணியோ, ஏதோ ஒன்று. உனக்கும் அலைச்சல் கம்மி, எனக்கும் கம்மி.

எழுதுகிற உன் கைக்கு வலி வராமல் அல்லாஹ் காக்கட்டும்.

உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் நூலகம் போய், புத்தகங்களை அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். உன் சின்ன வயதில், ஷிப்ட் முடிந்து நான் கூப்பிட வந்தால், ஒருநாள் பூகோள அடுக்குக்குப் பின்னால் இருப்பாய், ஒருநாள் சமையல் அடுக்குக்குக் கீழே உட்கார்ந்து படிப்பாய். "இரம், இரம்" என்று தேடிக்கொண்டே வருவேன். இன்றைக்கும் அப்படித்தான் நடந்தேன். போன இடத்திலெல்லாம் நீ இருந்தாய். ஒரே அடுக்கு என்றால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். மேலே எழுதியதை மறந்துவிடு. கால்நடை வைத்தியம் அடுக்கில் மட்டும்தான் நீ இல்லை. கொஞ்சம் கவனி.